கழுத்தில் இரண்டாவது முறை கத்தி ஏன்?

திருப்பாதிரிப்புலியூர் வாசகி ஒருவர் கேட்கிறார்: "என் கணவருக்குக் கழுத்து டிஸ்க்கை எடுத்துவிட்டுத் தகடு வைத்தார்கள். இப்போது மறுபடியும் வலி. திருகாணி கழன்றிருக்கிறதாம், இன்னொரு அறுவை வேண்டுமாம். ஒருமுறை கத்தி வைத்தால் வைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறார்கள் உறவினர்கள். உண்மையா?"

அப்படியொரு விதி உடம்புக்குக் கிடையாது. முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் டிஸ்க் நரம்பை அழுத்தினால் அதை அகற்றி, அந்த இடத்தில் எலும்புத் துண்டையோ கூண்டு போன்ற சிறு தாங்கியையோ பொருத்தி, டைட்டானியம் தகட்டால் இறுக்குகிறார்கள். தகடு தற்காலிக ஏற்பாடுதான். மேலும் கீழும் உள்ள முள்ளெலும்புகள் ஒன்றாக வளர்ந்து சேர்ந்தாக வேண்டும். அதற்குப் பல மாதங்கள் ஆகும்.

அந்த வளர்ச்சியை முடிவு செய்வது அசைவு. ஸ்டீபன் பெரன் என்ற சுவிஸ் அறுவை மருத்துவர் இதை அழகான கணக்காக்கினார். சேர வேண்டிய இரு எலும்புகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியின் அகலத்தில் எத்தனை சதவீதம் அது அசைகிறது என்று பாருங்கள். 100 சதவீதம் வரை இழுபட்டாலும் ஆரம்பக் குணமாகும் திசு கிழியாது. குருத்தெலும்பு சுமார் 10 சதவீதம் தாங்கும். எலும்புக்கோ 2 சதவீதமே எல்லை. ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் 0.02 மில்லிமீட்டர்! அதனால் உடம்பு நேரடியாக எலும்பைப் போடுவதில்லை. முதலில் மெத்தென்ற திசு வந்து அசைவைக் கொஞ்சம் குறைக்கிறது. குறைந்த அசைவில் குருத்தெலும்பு பிழைக்கிறது. அது மேலும் குறைத்துக் கொடுத்த பிறகே எலும்புக்கு இடம் கிடைக்கிறது. யாரும் மேற்பார்வை செய்யாமலே இது நடப்பதை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கும்.

அசைவு குறையாவிட்டால் வேலை பாதிப்படியில் நின்றுவிடும். அங்கே நார்த்திசுதான் மிஞ்சும். சுமை முழுவதும் தகட்டின் மேல் விழ, திரும்பத் திரும்ப வளைத்த கம்பிபோல உலோகம் களைத்துத் திருகாணி கழலும், சில சமயம் ஒடியும். பெரும்பாலும் எலும்பு சேராததால்தான் திருகாணி கழல்கிறது. புகைப்பவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். நிகோடின் இரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது. பீடியை விடாமல் பரிகாரப் பூசைக்குச் செலவழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

மறு அறுவைக்கு இன்னொரு காரணம், பக்கத்து டிஸ்க் தேய்வது. 1999-இல் வெளியான ஹிலிபிராண்ட் குழுவின் ஆய்வு, பத்தாண்டுக்குள் சுமார் நான்கில் ஒருவருக்குப் இணைத்த இடத்துக்குப் பக்கத்து டிஸ்க்கில் புதிய தொல்லை வரலாம் என்று கணித்தது. ஒன்றுக்கு மேற்பட்ட டிஸ்க் இடங்களை இணைத்தவர்களுக்கு அது குறைவாக இருந்தது. அப்படியானால் பழியை முழுக்க அறுவையின் மேல் போட முடியாது, வயதுக்கும் பங்குண்டு. நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தால்தான் இப்படிப்பட்ட விடை கிடைக்கும். புது இயந்திரத்துக்கு ரிப்பன் வெட்டும் ஆர்வத்தில் கொஞ்சத்தை நம் அரசுகள் அதற்கும் காட்டலாம்.

எலும்பு சேராத எல்லோருக்கும் மறு அறுவை தேவையில்லை. வலியே இல்லாதவர்களும் உண்டு. தேவைப்பட்டால் பின்கழுத்து வழியாகப் புதிதாக இறுக்குவது ஒரு வழி. மறுபடி முன்கழுத்தை, அதுவும் முதல்முறை திறந்ததற்கு எதிர்ப்புறமாகத் திறப்பதென்றால், காது-மூக்கு-தொண்டை மருத்துவர் குரல்நாண்களை முதலில் பார்த்தாக வேண்டும். முதல் அறுவையில் ஒரு பக்க நாண் செயலிழந்தும் குரல் மாறாமல் இருந்திருக்கலாம். மறுபக்கமும் பாதிக்கப்பட்டால் மூச்சுவிடுவதே சிரமமாகிவிடும்.