தொங்குகிற சங்கிலியைத் தலைகீழாக்கினால் அதன் மேல் ரயில் போகும்

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். உறவு, நட்பு என்று 30 பேர் இலங்கைக்குக் கிளம்புகிறார்களாம், எல்ல என்ற மலையூரில் ஒரு வழிகாட்டியைப் பிடித்து அங்கிருக்கும் ஒன்பது வளைவு ரயில் பாலத்தின் மேல் நடப்பதாகத் திட்டமாம். "இரும்பே போடாமல் கட்டினதாமே, நூறு வயசும் தாண்டிடுச்சு, இத்தனை பேர் ஒண்ணா நடந்தா ஆடாதா? என்ன ஏற்பாடு பண்ணிக்கணும்?" என்று கேட்டிருந்தார்.

ஆடாது. ஆளுக்கு 60 கிலோ என்று வைத்தால் 30 பேரும் சேர்ந்து 1.8 டன். அந்தப் பாதையில் ஓடும் டீசல் எஞ்சின் ஒன்று 80 டன் அளவில் இருக்கும், பின்னால் பெட்டிகள் வேறு. எஞ்சினின் ஒரே ஒரு சக்கரம் அழுத்துகிற அழுத்தத்தில் பாதிகூட நீங்கள் தேற மாட்டீர்கள். கூட்டம் நடந்து பாலம் ஆடிய கதைகள் உண்டுதான். 1831-இல் இங்கிலாந்தின் பிராட்டனில் சிப்பாய்கள் கால் சேர்த்து நடந்தபோது ஒரு பாலம் விழுந்தது, 2000-இல் லண்டன் மில்லேனியம் பாலம் திறந்த அன்றே பக்கவாட்டில் தள்ளாடியது. இரண்டும் மெலிந்த தொங்கு பாலங்கள். எல்லயில் இருப்பது கனத்த மலைக்குட்டி மாதிரி, உங்கள் நடையின் தாளம் அதற்கு உறைக்கவே உறைக்காது.

அதன் அளவுகள்: நீளம் 91 மீட்டர், உயரம் 24 மீட்டர், அகலம் 7.6 மீட்டர். 1921-இல் திறந்தார்கள். எல்ல, தெமோதரை நிலையங்களுக்கு நடுவில், தேயிலைச் சரிவுக்கு மேலே ஒரு பள்ளத்தாக்கை வளைந்து கடக்கிறது. முதல் உலகப் போர் வந்து, பாலத்துக்கு ஒதுக்கிய இரும்பு போருக்குப் போய்விட, உள்ளூர் ஆட்கள் கல், செங்கல், சிமென்டை வைத்தே முடித்தார்கள் என்று வழிகாட்டி கட்டாயம் சொல்வார். கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இலங்கைப் பொறியியல் சங்கம் 1923-இல் வெளியிட்ட கட்டுமான அறிக்கையின் தலைப்பிலேயே 'கான்கிரீட்' இருக்கிறது. எனக்கு இதில் சண்டை இல்லை. கம்பி போடாத கான்கிரீட் என்பது அச்சில் வார்த்த கல்தானே, அமுக்கினால் தாங்கும், இழுத்தால் விரிசல் விடும். இரும்பு கிடைக்காமல் போனதா, தேவைப்படவே இல்லையா என்று கேட்டால் நான் இரண்டாவது பக்கம்தான்.

காரணத்தை வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு கவரிங் சங்கிலியை எடுத்து இரண்டு முனையையும் சுவரோரம் பிடியுங்கள். அது தானாக ஒரு வளைவில் தொங்கும். ஒவ்வொரு கண்ணியும் பக்கத்துக் கண்ணியை இழுக்கிறது, சங்கிலிக்குத் தெரிந்தது அது ஒன்றுதான், அதற்குத் தள்ளத் தெரியாது. இப்போது அந்த வளைவை மனசுக்குள் அப்படியே கவிழ்த்துப் பாருங்கள். இழுப்பு எல்லாம் தள்ளலாக மாறிவிடும். கல்லுக்கோ தள்ளத் தெரியும், இழுக்கத் தெரியாது. ஆகவே சங்கிலி எந்தக் கோட்டில் தொங்குகிறதோ அதைக் கவிழ்த்த கோட்டில் கற்களை அடுக்கினால் பசையே இல்லாமல் நிற்கும். ஆங்கில விஞ்ஞானி ராபர்ட் ஹூக் இதைக் கண்டுபிடித்து 1675-இல் வெளியிட்டார், அதுவும் எழுத்துகளைக் கலைத்துப் போட்ட ஒரு லத்தீன் புதிராக, யாரும் திருடிவிடக் கூடாதாம்! அவர் இறந்த பிறகுதான் விடை வெளியே வந்தது.

போன லீவில் என் மகளோடு இதைச் செய்து பார்த்தேன். சங்கிலியின் நிழலைச் சார்ட்டில் பென்சிலால் இழுத்து, அந்த வடிவத்தில் தெர்மோகோலை ஒன்பது ஆப்புகளாக நறுக்கி, இரண்டு பக்கமும் தடித்த அகராதிகளை முட்டுக்கொடுத்து அடுக்கினோம். நின்றது. அவள் உச்சியில் மெதுவாக விரலை வைத்தாள், நின்றது. ஓரமாக அமுக்கினாள், மறுபக்கம் மேலே புடைத்துக்கொண்டு பொத்தென்று விழுந்தது. மறுபடி அடுக்கி, இந்த முறை மேலே சின்னச் சின்ன அரிசிப் பொட்டலங்களை வரிசையாக வைத்தோம். அதே விரல், அதே ஓரம். அசையவில்லை! எடை ஏற ஏற உறுதி கூடுகிற பொருளை அவள் அதுவரை பார்த்ததில்லை, நான் பத்து முறையாவது பார்த்திருப்பேன், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பாலத்திலும் இதுதான் நடக்கிறது. ஓரிடத்தில் புதுப் பாரம் ஏறினால் அந்தக் கண்ணுக்குத் தெரியாத கவிழ்ந்த சங்கிலி நகரும். கல்லின் தடிமனுக்குள் அது இருக்கும்வரை பயமில்லை, வெளியே எட்டிப் பார்த்தால் ஆபத்து. வளைவுக்கு மேலே நிரப்பியிருக்கும் நூற்றுக்கணக்கான டன் பொருளும் ஜல்லியும் அந்தக் கோட்டை இறுக்கிப் பிடித்திருக்கின்றன, ரயில் வந்தால்கூட அது கொஞ்சம்தான் அசையும். முப்பது பேருக்கு அது அசைந்தது என்று சொல்வதே மிகை.

சரி, வளைவு கீழே மட்டும் அமுக்குவதில்லை, காலை அகட்டிப் பக்கத்திலும் தள்ளும் (அகராதி வைத்தது அதற்குத்தான்). பக்கத்து வளைவு எதிர்ப்புறம் தள்ளுவதால் நடுத் தூணில் இரண்டும் கழிந்துவிடும், கடைசி இரண்டு முனைகளில் மலையே முட்டு. ஆனால் முதுகோடு முதுகு சாய்ந்து உட்கார்ந்த பிள்ளைகளில் ஒருவன் எழுந்தால் என்ன ஆகும்? இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ரிப்பிள்ஹெட் பாலத்துக்கு 24 வளைவுகள். 1870-இல் தொடங்கிக் கட்டியவர்கள் இதை யோசித்து ஒவ்வோர் ஆறாவது தூணையும் தடியாக வைத்தார்கள், ஒன்று விழுந்தாலும் சரிவு அந்தத் தடித் தூணோடு நின்றுவிடும். எல்லப் பாலத்தில் வேறொரு நுணுக்கம் இருக்கிறது. பாதையே வளைந்து போவதால் இரண்டு பக்கத் தள்ளலும் நேருக்கு நேர் மோதுவதில்லை, மிச்சம் கொஞ்சம் பாதைத் திருப்பத்தின் வெளிப்பக்கமாகத் தூணைத் தள்ளுகிறது. திரும்புகிற ரயிலும் அதே பக்கம்தான் தள்ளும். இரண்டையும் தாங்குவது தூணின் சொந்த எடை.

இப்படிப்பட்ட பாலத்துக்கு உண்மையான எதிரி தண்ணீர். சாந்தைக் கரைக்கும், இடுக்கில் அரசங்கன்றை முளைக்க வைக்கும். நம் ஊரில் அந்தக் கன்றைப் பிடுங்கச் சொல்லிப் பாருங்கள், பாவம் என்று ஒதுங்குவார்கள், வேர் பருத்துக் கல்லைப் பிளப்பது பாவமில்லையா என்று நான் கேட்டால் நாத்திகன் பட்டம். பழைய பாலம் ஒன்றில் அசைவை அளக்கும் நாலு அளவுமானி ஒட்ட நண்பர் ஒருவர் பணம் கேட்டு மூன்று வருஷம் அலைந்தார், "புதுசா ஏதாவது கொண்டு வாங்க" என்றார்கள். விழுந்த பிறகு விசாரணைக்கு மட்டும் பணம் எங்கிருந்தோ வரும்.

இனி ஏற்பாடு. பாலம் ஆடாது, ஆனால் ரயில் வரும். அது ஓடுகிற பாதை, பூங்கா இல்லை. அன்றைக்கு எந்த ரயில் எவ்வளவு தாமதம் என்று வழிகாட்டியை எல்ல நிலையத்தில் கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள், அச்சிட்ட நேரத்தை நம்ப வேண்டாம். பாதை வளைவானது, பக்கத்திலேயே சுரங்கமும் உண்டு, சத்தம் கேட்கும்போது ரயில் கிட்டத்தில் இருக்கும். ஓரமாக ஒதுங்கி நின்றால் போதாதா என்றால், 7.6 மீட்டரில் மூன்று மீட்டருக்கு மேல் பெட்டிக்கே போய்விடும், மிச்சத்தில் கைப்பிடிச் சுவரையும் கழியுங்கள். தண்டவாளம் வளைந்தாலும் பெட்டி வளையாதே! அதன் நடுப்பகுதி உட்பக்கம் பிதுங்கும், முனைகள் வெளிப்பக்கம் பிதுங்கும், இரண்டு பக்கமும் இடம் குறையும். அதனால் ரயில் வரும் நேரத்தில் எல்லோரும் பாலத்தை விட்டே இறங்கிவிடுங்கள், சுவரில் காலைத் தொங்கப்போட்டுப் படம் எடுப்பவர்களைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். ஜல்லியில் செருப்பு வழுக்கும், ஷூ போடுங்கள். மழை பெய்திருந்தால் இறங்குகிற பாதையில் அட்டை இருக்கும், கொஞ்சம் உப்பு கையில் இருக்கட்டும்.

அப்புறம் அந்தக் கவரிங் சங்கிலியையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கீழே தேயிலைப் பக்கம் நின்று ஒரு வளைவை நேராகப் படம் எடுத்து, போனைத் தலைகீழாகப் பிடித்து, வளைவின் இரண்டு காலிலும் சங்கிலி முனையை வைத்துத் தொங்கவிடுங்கள். முழுதாகப் பொருந்தாது, ஏனென்றால் அங்கே கட்டியிருப்பது அரைவட்டம். எந்த இடத்தில் சங்கிலி விலகுகிறது என்று பார்த்துவிட்டுப் போனை நிமிர்த்தினால், அந்த இடத்தில்தான் சுவர் கனமாக நிரப்பப்பட்டிருக்கும்.