கரண்ட் போய் வந்தபின் லினக்ஸ் ஏன் பாதியில் நிற்கிறது?

"கரண்ட் போய் வந்தது. அதிலிருந்து உபுண்டு லினக்ஸ் திறக்கவில்லை. கறுப்புத் திரையில் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்று மட்டும் வந்து நிற்கிறது. கடையில் ஃபார்மட் செய்யச் சொல்கிறார்கள். செய்யலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

வேண்டாம். காரணம் தேடாமல் ஃபார்மட் செய்வதை மூடநம்பிக்கை என்றே சொல்வேன். அதன்பின் கணினி ஓடுகிறது என்பதற்காக அது சரியான வைத்தியம் ஆகிவிடாது.

பவர் பட்டனை அழுத்தியதும் மதர்போர்டிலேயே இருக்கும் ஃபர்ம்வேர் என்ற நிரல் விழிக்கிறது, அது லினக்ஸைத் துவக்கிவிடும் கிரப் என்ற நிரலை அழைக்கிறது, கிரப் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலை ராமில் ஏற்றுகிறது. உங்கள் கணினியில் இதுவரை எல்லாம் சரி. சிக்கல் அடுத்த படியில்.

கெர்னல் தன் கோப்புகள் இருக்கும் டிஸ்க்கைத் திறக்க வேண்டும். அதற்கு டிரைவர், அதாவது அந்த டிஸ்க்கோடு பேசத் தெரிந்த நிரல், தேவைப்படலாம். சாட்டா, என்விஎம்இ, ரெய்டு, மறையாக்கம் செய்த டிஸ்க் என்று உலகில் உள்ள எல்லா வகைக்குமான டிரைவர்களையும் கெர்னலுக்குள்ளேயே திணித்தால் அது வீங்கிவிடும். அதனால் பல டிரைவர்கள் தனிக் கோப்புகளாக டிஸ்க்கில் கிடக்கின்றன. பெட்டியின் சாவி பெட்டிக்குள்ளேயே இருக்கிறது!

இதற்குக் கண்டுபிடித்த வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. கெர்னலோடு ஒரு சுருக்கிய கோப்பையும் கிரப் ராமில் ஏற்றுகிறது. அதுதான் இனிட்ராம்எஃப்எஸ். கெர்னல் அதை ராமிலேயே பிரித்து வைக்கிறது. தேவையான டிரைவர்களும் சில கருவிகளும் கொண்ட ஒரு குட்டி லினக்ஸ் அங்கே உருவாகிறது. அதில் 'இனிட்' என்ற நிரல் 1ஆம் எண் செயல்முறையாக ஓடி, டிரைவரை ஏற்றி, உண்மையான டிஸ்க்கைத் தேடிப் பிடிக்கிறது. பிறகு ராமில் இருந்த தன் கோப்புகளையெல்லாம் அழித்து இடத்தைக் காலி செய்துவிட்டு, டிஸ்க்கில் உள்ள, மற்ற நிரல்களையெல்லாம் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி ஆக மாறிவிடுகிறது. எண் அதே 1தான். குட்டி லினக்ஸ் இருந்த சுவடே இருக்காது.

மின்வெட்டில் டிஸ்க்கின் கோப்பு அட்டவணைகள் பாதி எழுதிய நிலையில் நின்றிருக்கலாம். பெரும்பாலும் ஈஎக்ஸ்டி4, அதாவது டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் கோப்பு முறைமை, மாற்றங்களைக் குறித்துவைக்கும் தன் ஜர்னலைப் பார்த்துத் தானே சரிசெய்துகொள்ளும். அதற்கு மேல் சேதம் இருந்தால், தானாக முடிவெடுத்து எதையும் கெடுத்துவிடாமல், உங்களைக் கேட்பதற்காகக் குட்டி லினக்ஸிலேயே நின்றுவிடும். பழுது பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் கோப்பு முறைமையைத் திருத்துவது ஆபத்து. இங்கே நீங்கள் அதற்கு வெளியே நிற்கிறீர்கள்.

'எக்ஸிட்' என்று தட்டினால் டிஸ்க்கின் எந்தப் பகிர்வில் (பார்ட்டிஷனில்) பழுது என்பது பெயரோடு வரும். கோப்பு முறைமையைச் சோதித்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே கட்டளையை அந்தப் பெயரோடு கொடுங்கள். கேட்கும் திருத்தங்களுக்கு 'ஒய்' சொல்லுங்கள். முடிந்ததும் மறுபடி 'எக்ஸிட்'. ஆனால் திரையில் 'ஐ/ஓ எரர்' (டிஸ்க்கில் படிக்கவோ எழுதவோ முடியவில்லை என்ற பிழை) வரிசையாக வந்தால் டிஸ்க்கே சாகிறது என்று சந்தேகியுங்கள். கை வைக்காமல், லைவ் யூஎஸ்பியில் (நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் பென்டிரைவில்) துவக்கி முதலில் டிஸ்க்கை நகல் எடுங்கள்.

கணினி திறந்தபின் ஏதாவது கோப்பு காணவில்லையா? 'லாஸ்ட்+ஃபவுண்ட்' அடைவைப் பாருங்கள். பெயரை இழந்த கோப்புகளை எஃப்எஸ்சிகே அங்கேதான், வெறும் எண்களைப் பெயராக இட்டு, சேர்த்து வைத்திருக்கும்.