தற்செயலல்லாத காயம்

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் பக்கத்து வீட்டுப் பாட்டிக்குத் துணையாக ஒருநாள் கிளினிக்குக்குப் போயிருந்தேன். பேரன் நெற்றியில் எலுமிச்சை அளவு வீக்கம். தாதி மலாயில் ‘கெமலாங்கானா?’ என்று கேட்க, நான் ‘விபத்தா பாட்டி?’ என்றேன். ‘விபத்தெல்லாம் இல்லைய்யா, சோபாவிலேர்ந்து விழுந்துட்டான்.’ பாட்டிக்கு விபத்து என்றால் சாலையில் நடப்பது. அந்த ‘இல்லை’யை மட்டும் மலாயில் சொல்லியிருந்தால் கதையே வேறு.

குழந்தையின் காயம் விபத்தால் வந்ததல்ல, யாரோ ஏற்படுத்தியது என்று சந்தேகிக்கும்போது மருத்துவர்களும் நீதிமன்றங்களும் ‘நான்-ஆக்சிடென்டல் இஞ்சுரி’ என்கிறார்களே, அதன் முடிச்சும் இங்கேதான். ஆக்சிடென்ட் என்பதன் லத்தீன் வேருக்கு ‘விழுதல்’ என்று பொருள். விபத்து வடமொழி, அதிலுள்ள ‘பத்’ என்ற வேருக்கும் விழுதல் என்ற பொருள் உண்டு. ஆபத்தும் அதே வீட்டுப் பிள்ளை. ஆக, ‘விழுந்துட்டான்’ என்ற பாட்டி வேர்ச்சொல்லையே சொல்லியிருக்கிறார்! மலாய்க்காரர்களின் கெமலாங்கான் வேறு வழி: ‘மாலாங்’ என்றால் துரதிர்ஷ்டம்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘விபத்தில்லாக் காயம்’ என்றால் ‘விபத்தில்லா தீபாவளி’ மாதிரி ஒலிக்கிறது. ‘வேண்டுமென்றே ஏற்படுத்திய காயம்’ என்பது தீர்ப்பையே முந்திக்கொள்கிறது. 2014-இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி ரைடர் இந்த ஆங்கிலத் தொடரைப் பற்றியே பேசினார்; மருத்துவர்கள் அதைச் சுருக்கமாகப் பயன்படுத்துவதைக் குறைசொல்லவில்லை, ஆனால் விபத்தல்லாத எல்லாவற்றையும் அள்ளிப்போடும் மூட்டை இது, உள்ளே கவனக்குறைவும் இருக்கலாம், விளைவை எண்ணாத முரட்டுத்தனமும் இருக்கலாம், வேண்டுமென்றே செய்ததும் இருக்கலாம்.

என் தேர்வு ‘தற்செயலல்லாத காயம்’. தன் + செயல் = தற்செயல்; தானாக நடந்தது. சொல்லுக்குள்ளேயே ‘செயல்’ இருப்பது வசதி. மலேசியாவின் 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டம், 17-ஆம் பிரிவில், ‘தற்செயலல்லாத’ என்ற அடையைக் காயத்தோடு ஒட்டவில்லை. குழந்தையின் உடல்மீது செலுத்தப்பட்ட விசையோடு ஒட்டுகிறது. அதன் அடையாளங்களாகக் கன்றிப்போன தோல், எலும்பு முறிவு, தீக்காயம், முடியும் பல்லும் இழப்பது வரை அடுக்குகிறது.

இங்கிலாந்தின் குடும்ப நீதிமன்றம் இதைத் தீர்மானிக்கும்போது குற்றவியல் வழக்கின் அளவுகோலை எடுப்பதில்லை. நடக்காததைவிட நடந்திருக்கவே வாய்ப்பு அதிகமா என்று பார்க்கும். அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 2008-இல் இதை உறுதிசெய்தது. மருத்துவர் சொல்வது ஒரு சாட்சியம் மட்டுமே. பெற்றோர் தரும் விளக்கம், அது நாளுக்கு நாள் மாறுகிறதா, சிகிச்சைக்கு வரத் தாமதமா என எல்லாவற்றையும் சேர்த்தே நீதிபதி எடைபோடுவார். ஓடியாடும் பிள்ளையின் முழங்காலில் கன்றியிருந்தால் யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். இன்னும் தவழாத குழந்தையின் கன்னத்தில் என்றால் கேள்வி வரும்.

பேச்சுத் தமிழில் இந்தப் பிரிவினை முன்பே உண்டு: ‘அடிபட்டுச்சு’, ‘அடிச்சிட்டாங்க’. அடி ஒன்றுதான், வினை வேறு. அதனால் இப்போதெல்லாம் மொழிபெயர்க்கப் போனால் நான் ‘விபத்தா?’ என்று கேட்பதில்லை. ‘எப்படி அடிபட்டுச்சு பாட்டி?’ என்று கேட்டு, சொல்வதை முழுதாகச் சொல்ல விடுகிறேன்.