சீலிங் ஃபேன் குடிக்கிற கரண்ட்ல காத்தா மாறுறது எவ்வளவு?

புது ஃபோன் வந்தா கேமரா எப்படி, பேட்டரி எவ்வளவு நேரம் நிக்குதுன்னு மணிக்கணக்கா பேசுறோம். ஏசி வாங்கணும்னா தெரிஞ்சவங்க பத்து பேர்கிட்ட விசாரிக்கிறோம். ஆனா தலைக்கு மேல ராத்திரி பகலா சுத்திக்கிட்டே இருக்கிற சீலிங் ஃபேனைப் பத்தி யாரும் பேசறதே இல்ல, கடைக்குப் போனா கலர் பாத்து வாங்கிட்டு வந்துடுறோம். என்னைக் கேட்டா கடந்த பத்து பதினஞ்சு வருஷத்துல நம்ம வீட்டுக்குள்ள வந்த டெக்னாலஜிலயே ரொம்ப உருப்படியானது இந்த பிஎல்டிசி ஃபேன்தான் (பிரஷ் இல்லாத டிசி மோட்டார் வச்ச ஃபேன்). அதுல அப்படி என்ன இருக்குன்னு புரியணும்னா பழைய ஃபேன் எப்படி ஓடுதுன்னு முதல்ல தெரியணும், அதுவும் சாதாரண விஷயமே இல்ல.

கன்டென்சர் போன ஃபேனைப் பாத்திருப்பீங்க. சுவிட்ச் போட்டா சுத்தாது, ம்ம்ம்னு ஒரு சத்தம் மட்டும் வரும். யாராவது ஒட்டடைக் குச்சியால றெக்கையை ஒரு தள்ளு தள்ளினா மெதுவா வேகம் பிடிச்சு ஓட ஆரம்பிச்சுடும் (செய்யாதீங்க, நின்ன இடத்துலயே மோட்டார் சூடாகும், றெக்கை கைல படும்). இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, எந்தப் பக்கம் தள்ளி விடுறோமோ அந்தப் பக்கம் ஓடும். இடது பக்கம் தள்ளினா இடது, வலது பக்கம் தள்ளினா வலது, தப்பான பக்கம் ஓடினா காத்து மேல போகும், கீழ உக்காந்திருக்கிறவங்களுக்கு ஒண்ணும் வராது. மோட்டாருக்கே எந்தப் பக்கம் சுத்தணும்னு தெரியல. ஏன்?

வீட்டுக்கு வர்றது சிங்கிள் ஃபேஸ் கரண்ட், ஒரு செகண்டுக்கு 50 தடவை முன்னயும் பின்னயும் போயிட்டு வரும். ஃபேனோட நடுவுல கம்பியோட சேந்து அசையாம நிக்கிற பாகத்துல செப்புக் காயில் சுத்தியிருக்கும், வெளிய இருக்கிற மூடிதான் றெக்கையோட சேந்து சுத்தும். காயில்ல கரண்ட் போனா காந்தப்புலம் வரும், ஆனா அது அங்கேயே ஏறி இறங்கி திசை மாறி மறுபடி ஏறும், அவ்வளவுதான், சுத்தாது. சைக்கிள் பெடல் நேர் மேலயும் கீழயுமா நிக்கும்போது எவ்வளவு அழுத்தி மிதிச்சாலும் சக்கரம் நகராது இல்லையா, அந்த நிலைமைதான் இங்க. பலம் இருக்கு, திசை இல்ல. லேசா நகத்தி விட்டுட்டா அப்புறம் அந்தப் பக்கமே இழுத்துக்கிட்டுப் போயிடும்.

அந்த முதல் தள்ளலைக் கொடுக்கத்தான் கன்டென்சர். உள்ள ஒரு காயில் இல்ல, ரெண்டு காயில் இருக்கு, ரன்னிங், ஸ்டார்ட்டிங்னு மெக்கானிக் சொல்வாரு. ஸ்டார்ட்டிங் காயிலோட கன்டென்சரை சேத்துட்டா அதுல ஓடுற கரண்ட் மத்ததை விட கொஞ்சம் முந்திக்கும், கிட்டத்தட்ட கால் சுத்து முன்னாடி. அதனால முதல்ல ஒரு காயில் உச்சத்துக்கு வருது, அது இறங்கும்போது பக்கத்து காயில் உச்சத்துக்கு வருது, அப்படியே மாறி மாறி வரும்போது காந்தப்புலமே வட்டமா சுத்த ஆரம்பிச்சுடும். ஆரம்பிச்சு விட்டதோட அதோட வேலை முடியறதும் இல்ல, ஃபேன் ஓடுற நேரம் முழுக்க கன்டென்சரும் வேலை செஞ்சுக்கிட்டேதான் இருக்கும்.

சரி, காந்தப்புலம் சுத்துது, வெளிய இருக்கிற மூடி ஏன் சுத்தணும்? அதுக்குள்ள ஒயரும் போகல, காந்தமும் இல்ல, இரும்புத் தகடும் அலுமினியக் கட்டைகளும்தான். சுத்துற புலம் அந்த அலுமினியத்தைக் கடந்து போகும்போது அதுக்குள்ளயே ஒரு கரண்ட்டை உண்டாக்கிடும், அந்தக் கரண்ட் தனக்குன்னு ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும், ரெண்டும் ஒண்ணை ஒண்ணு இழுக்கும், மூடி பின்னாடியே ஓடும். தொடாமலே கரண்ட் கொடுத்து சுத்த வைக்கிற இந்த மோட்டாரை 1880கள்ல இத்தாலில கலிலியோ ஃபெராரிஸும் அமெரிக்கால நிக்கோலா டெஸ்லாவும் தனித்தனியா கண்டுபிடிச்சாங்க. உரசுற பாகம் கிடையாது, தேய்றதுக்கு பேரிங் தவிர ஒண்ணும் இல்ல. முப்பது வருஷம் முன்னாடி கல்யாணத்துக்கு சீரா வந்த ஃபேன் இன்னைக்கும் ஓடுதுன்னா அதுக்கு இதுதான் காரணம், அந்த ஒண்ணுக்காகவே இந்த மோட்டாரை எவ்வளவு வேணா பாராட்டலாம்.

ஆனா இதுல ஒரு விலை இருக்கு. மூடி எப்பவும் புலத்துக்குக் கொஞ்சம் பின்தங்கிதான் ஓடணும், சமமா ஓடிட்டா புலம் அலுமினியத்தைக் கடந்து போகாது, கரண்ட் உண்டாகாது, இழுப்பும் இருக்காது. 14 காந்தத் துருவம் வச்சு கட்டின ஃபேன்ல புலம் நிமிஷத்துக்கு 428 சுத்து சுத்தும், றெக்கை அதை எட்டவே எட்டாது, எப்பவும் கம்மியாதான் ஓடும். அந்த வித்தியாசம் அத்தனையும் அலுமினியத்துல சூடாப் போகுது. செப்புக் காயில்ல சூடு, இரும்புத் தகட்டுல சூடு, அது தனி. சாதாரண ஃபேன் 75 வாட் எடுக்குதுன்னா அதுல பாதிக்கு மேல காத்தா மாறாம மோட்டார்லயே சூடாப் போயிடுது. நாலஞ்சு மணி நேரம் ஓடின ஃபேனை நிறுத்திட்டு ஸ்டூல் போட்டு ஏறி நடு டோம்ல கை வச்சுப் பாருங்க, நல்லா கதகதன்னு இருக்கும். கரண்ட் பில்லுல நாம கட்டுற காசு அங்கதான் இருக்கு.

நடுவுல இன்னொரு விஷயம். ஃபேன் வருஷா வருஷம் ஸ்பீடு குறைஞ்சுக்கிட்டே வருதுன்னா பலரும் வோல்டேஜ் கம்மி, பேரிங் போச்சு, காயில் மாத்தணும்னு நினைச்சுக்கறாங்க. பெரும்பாலும் அது கன்டென்சர்தான். அதுக்குள்ள ரொம்ப மெல்லிசான பிளாஸ்டிக் ஃபிலிம் மேல அதை விட மெல்லிசா உலோகப் பூச்சு இருக்கும். ஃபிலிம்ல எங்கயாவது பலவீனமான இடத்துல பொறி பறந்தா அந்த இடத்தைச் சுத்தி இருக்கிற உலோகம் ஆவியாகி அந்த ஓட்டை தானா அடைபட்டுடும், கன்டென்சர் வெடிக்காம தப்பிச்சுக்கும். அற்புதமான டிசைன். ஆனா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உலோகம் குறையுது, மேல 2.5 மைக்ரோஃபாரட்னு (அதோட கொள்ளளவு) எழுதியிருக்கிறது சில வருஷத்துல 2 ஆகும், 1.5 ஆகும், ஸ்டார்ட்டிங் காயிலுக்குப் போற கரண்ட் குறைஞ்சு ஃபேன் மந்தமாயிடும். நூறு ரூபாய்க்குள்ள வர்ற பொருள், மாத்தினா பழைய வேகம் வந்துடும். காயில் கட்டக் கொடுக்கிறதுக்கு முன்னாடி இதை மாத்திப் பாக்கச் சொல்லுங்க.

இப்ப பிஎல்டிசிக்கு வரேன். இதுல வெளி மூடிக்குள்ள அலுமினியத்துக்குப் பதிலா நிலையான காந்தங்களை ஒட்டிடறாங்க. மூடிக்குள்ள கரண்ட்டை உண்டாக்க வேண்டிய வேலையே இல்ல, காந்தம் ஏற்கெனவே அங்க இருக்கு. அதனால பின்தங்கி ஓடவும் வேண்டாம், புலம் என்ன வேகமோ றெக்கையும் அதே வேகம். நடுவுல இருக்கிற காயிலை மூணு செட்டா பிரிச்சு, ஒரு சின்ன சர்க்யூட் போர்டு வீட்டு கரண்ட்டை டிசியா (ஒரே திசைல ஓடுற கரண்ட்டா) மாத்தி, காந்தம் இப்ப எங்க இருக்குன்னு பாத்துப் பாத்து அதுக்கு ஏத்த காயிலுக்கு மட்டும் சரியான நேரத்துல கரண்ட் விடுது. செகண்டுக்குப் பல தடவை இந்தக் கணக்கைப் போட்டுக்கிட்டே இருக்கும். கன்டென்சர் பண்ணின வேலையை இப்ப ஒரு சிப்பு இன்னும் துல்லியமா பண்ணுது.

இந்த யோசனை ஒண்ணும் புதுசு இல்ல, டிரான்சிஸ்டர் வந்த கொஞ்ச வருஷத்துலயே, 1962லயே பிரஷ் இல்லாத டிசி மோட்டாரைப் பத்தி ஆராய்ச்சிக் கட்டுரை வந்தாச்சு. கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க்குலயும் சிபியு ஃபேன்லயும் ரொம்ப காலமா இதுதான் சுத்துது. எலக்ட்ரிக் ஸ்கூட்டர்ல பின்சக்கரத்துக்குள்ளயே மோட்டார் இருக்கிற மாடலைப் பாத்தா அதுவும் இதே குடும்பம், காயில் நடுவுல, காந்தம் வெளிய. சிப்பு விலை இறங்கி இறங்கி ஒரு சீலிங் ஃபேன்ல வைக்கிற அளவுக்கு வந்ததுதான் இப்ப நடந்த மாற்றம்.

பலன் என்னன்னு பாத்தா, அதே காத்துக்கு 75 வாட் எடுத்த இடத்துல 28லேந்து 35 வாட்தான். வித்தியாசம் 45 வாட்னு வச்சுக்குவோம், ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினா ரெண்டு மாசத்துல சுமார் 40 யூனிட். வீட்டுல மூணு ஃபேன் அப்படி ஓடினா 120 யூனிட். தமிழ்நாட்டுல ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை கணக்கு, 500ஐத் தாண்டிட்டா கணக்குப் போடுற ஸ்லாபே மாறிடும், அதனால 550ல நிக்கிற வீட்டுக்கு இந்த 120 எவ்வளவு பெருசுன்னு பில்லு கட்டுறவங்களுக்குத் தெரியும்.

ஸ்பீடைக் குறைச்சா கரண்ட் மிச்சமாகுமான்னு நிறைய பேருக்கு சந்தேகம் இருக்கு. காத்தைத் தள்ளத் தேவைப்படுற சக்தி வேகத்தோட மூணாவது அடுக்குல மாறும், அதாவது வேகம் பாதியானா சக்தி எட்டுல ஒரு பங்கு போதும். இயற்கை இவ்வளவு தாராளமா கொடுக்குது, ஆனா பழைய பெட்டி ரெகுலேட்டர் அதை நம்ம கைக்கு வர விடல, உள்ள இருக்கிற கம்பிச்சுருள்ல ஒரு பங்கைச் சூடாக்கிட்டு மீதியை ஃபேனுக்கு விட்டுச்சு. அப்புறம் வந்த எலக்ட்ரானிக் ரெகுலேட்டர் பரவால்ல, ஆனாலும் மோட்டார் ரொம்பப் பின்தங்கி ஓடும்போது அலுமினியச் சூடு கூடத்தான் செய்யும். பிஎல்டிசில 1ஆம் நம்பர்ல வச்சா அஞ்சாறு வாட்தான் எடுக்குது, மார்கழி ராத்திரில கொசுவுக்காக மட்டும் ஃபேன் போடுற வீட்டுல இதை விட என்ன வேணும். ஆனா ஒண்ணு, சுவத்துல ஏற்கெனவே இருக்கிற ரெகுலேட்டர் வழியா இதை ஓட்டாதீங்க, போர்டு போயிடும், அதை எடுத்துட்டு நேரடியா சுவிட்ச்ல கொடுக்கச் சொல்லுங்க.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது பில்லு கூட இல்ல. சாயங்காலம் ஊரே மோட்டார் போடுற நேரத்துல வோல்டேஜ் 170க்கு இறங்கினா பழைய ஃபேன் அப்படியே சோந்து போகும், இது அதே வேகத்துல ஓடும், ஏன்னா உள்ள வர்ற வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் போர்டு மோட்டாருக்குக் கொடுக்கிறதைச் சமமா வச்சுக்குது. கரண்ட் போனா இன்வெர்ட்டர் பேட்டரி ரெண்டு மடங்குக்கு மேல தாங்குது. கைக்குழந்தையோ படுத்த படுக்கையா பெரியவங்களோ இருக்கிற வீட்டுல மே மாச ராத்திரி பவர் கட்டுல இந்த ஒண்ணுதான் தூக்கத்தைக் காப்பாத்தும்.

ஆள் இல்லாத ரூம்ல ஃபேனை ஓட விட்டா ரூம் குளுந்து இருக்கும்னு நினைக்காதீங்க. ஃபேன் காத்தைக் குளுமை பண்றதே இல்ல, நம்ம தோல் மேல இருக்கிற வியர்வையை வேகமா ஆவியாக்குது, அந்த ஆவி உடம்புச் சூட்டை எடுத்துட்டுப் போகுது. ஆள் இல்லாத இடத்துல வியர்வை ஏது, ஃபேன் எடுக்கிற வாட் அத்தனையும் கடைசில அந்த ரூமுக்குச் சூடாத்தான் சேரும். சென்னைல புழுக்கமான நாள்ல ஃபேன் ஃபுல்லா ஓடியும் கசகசன்னு இருக்கிறதும் இதனாலதான், காத்துல ஏற்கெனவே ஈரம் நிறைஞ்சிருந்தா வியர்வை சீக்கிரம் ஆவியாகாது.

கடைல எந்த ஃபேன் வாங்குறதுன்னு குழப்பமா இருந்தா ஸ்டார் லேபிளைப் பாருங்க, 2023 ஜனவரிலேந்து சீலிங் ஃபேனுக்கு அது கட்டாயம். அதுல சர்வீஸ் வேல்யூன்னு ஒரு நம்பர் இருக்கும், ஒரு வாட்டுக்கு நிமிஷத்துக்கு எத்தனை கன மீட்டர் காத்து தள்ளுதுங்கிறதுதான் அது. 210 கன மீட்டர் தள்ள 75 வாட் எடுத்தா 2.8, அதே காத்துக்கு 30 வாட் எடுத்தா 7. பெட்டி மேல சூப்பர், அல்ட்ரான்னு என்ன எழுதியிருந்தாலும் சர்வீஸ் வேல்யூ, நிமிஷத்துக்கு எத்தனை கன மீட்டர் காத்து, இந்த ரெண்டு நம்பரையும் மட்டும் பாத்தா போதும். வாட் கம்மியா இருக்கேன்னு சந்தோஷப்பட்டு காத்தே வராத ஃபேனை வாங்கிட்டு வந்துடக் கூடாது.

குறைன்னு பாத்தா எனக்கு ஒண்ணே ஒண்ணுதான், ஆனா அது பெரிய குறை. பழைய ஃபேனை எந்த ஊர் முக்குல இருக்கிற காயில் கடைலயும் சரி பண்ணலாம், மைக்ரோஃபாரட் ஒண்ணா இருந்தா எந்த கம்பெனி கன்டென்சரும் எந்த ஃபேனுக்கும் சேரும், பேரிங்கும் அப்படித்தான். பிஎல்டிசில மோட்டார் அவ்வளவு சீக்கிரம் போகாது, போறது போர்டு. பக்கத்துல இடி விழுந்தாலோ லைன்ல திடீர்னு வோல்டேஜ் ஏறினாலோ முதல்ல அடி வாங்குறது அதுதான். ஒவ்வொரு கம்பெனி போர்டும் ஒவ்வொரு சைஸ், ஒவ்வொரு கனெக்டர், சிலதுல ஈரம் போகக் கூடாதுன்னு மேல ரெசினை ஊத்தி மூடிடறாங்க, அதுக்கப்புறம் எவ்வளவு கைத்தேர்ந்த மெக்கானிக்கா இருந்தாலும் உள்ள போய் ஒரு ஐம்பது ரூபா பார்ட்டை மாத்த முடியாது. காந்தமும் காயிலும் நல்லா இருக்கிற ஃபேன் பழைய இரும்புக் கடைக்குப் போகுது. கரண்ட்டை மிச்சம் பிடிக்கணும்னு செஞ்ச பொருள் இப்படி குப்பைக்குப் போறது எனக்கு மனசே ஆகல. கன்டென்சருக்கு இருக்கிற மாதிரி போர்டுக்கும் எல்லா கம்பெனியும் ஒரே சைஸ், ஒரே கனெக்டர்னு ஒரு ஸ்டாண்டர்டு கொண்டு வரணும், ஸ்டார் லேபிளைக் கட்டாயமாக்கினவங்களுக்கு இதையும் கட்டாயமாக்குறது முடியாத காரியம் இல்ல.

அது வர்ற வரைக்கும் நாம செய்யக்கூடியது, வாங்கும்போதே கடைக்காரர்கிட்ட இந்த மாடலுக்கு போர்டு தனியா கிடைக்குமா, என்ன விலை, வாரண்டி முடிஞ்சப்புறமும் கொடுப்பாங்களா, நம்ம ஊர்லயே மாத்திக் கொடுப்பாங்களான்னு கேக்கிறது. பதில் சொல்ல முடியலன்னா அடுத்த மாடலைக் காட்டச் சொல்லுங்க. ஐநூறு ரூபா கூடப் போனாலும் போர்டு கிடைக்கிற ஃபேனாப் பாத்து வாங்குங்க, ரிமோட் தொலைஞ்சா தனியா கிடைக்குமான்னும் கையோட கேட்டுடுங்க.