திட்டு: சொல் விளக்கம்

கடல் வற்றும்போது விரிந்து, ஏறும்போது சுருங்கியோ மூழ்கியோ போகும் ஆளில்லா மேட்டுக்கு ராமநாதபுரம் கரையில் திட்டு என்று பெயர். தீடை என்றும் சொல்வார்கள். தனுஷ்கோடி அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் வரை இப்படி வரிசையாகக் கிடக்கின்றன. மூன்றாம் திட்டு, நாலாம் திட்டு என்று எண்ணைச் சொன்னாலே மீனவர்களுக்கு இடம் புரிந்துவிடும்.

திட்டு, திட்டை, திடல், திடர் எல்லாம் ஒரே குடும்பம். மேடு என்பதே அடிப்பொருள். தீடையையும் இதோடு சேர்க்கத்தான் எனக்குத் தோன்றுகிறது. தீவு வேறு வழியில் வந்தது. இருபுறமும் நீர் உள்ளது என்று பொருள்படும் வடமொழி த்வீபம், தமிழில் தீவம், தீவு என்றானது. அதற்குத் தனித்தமிழாகத் துருத்தி, அரங்கம் என்ற சொற்களைச் சிலர் காட்டுவார்கள். அருமையான சொற்கள்தான், ஆனால் இரண்டும் ஆற்றின் நடுவே உள்ள நிலத்துக்கு உரியவை. கடலுக்குத் திட்டுதான் சரி.

இந்தப் பக்கம் ஓதத்தின், அதாவது கடல் ஏறி வற்றுவதன், ஏற்ற இறக்கம் ஒரு மீட்டரைக்கூடத் தொடாது. ஆனாலும் மணல் தட்டையாகக் கிடப்பதால், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஒரு சாண் தண்ணீர் கூடுதலாக இறங்கினாலே நிலம் அகன்றுவிடும். ஓரத்தில் ஈரமணல் கறுத்திருக்கும், முகட்டில் காய்ந்த மணல் வெளுத்திருக்கும். நீர் ஏறாத அந்த வெள்ளை மணலில்தான் ஆலா என்னும் கடற்பறவைகள் முட்டையிடுகின்றன. கச்சான் காற்றிலும் வாடையிலும் மணல் நகர்வதால் திட்டின் உருவமும் மாறிக்கொண்டே இருக்கும்.

1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்டப்படி, நீர் ஏறிய நேரத்திலும் தலை வெளியே தெரிந்தால்தான் அது தீவு. வற்றும்போது மட்டும் தெரிவதற்கு வேறு சட்டநிலை. நம் கரையில் திட்டு என்ற சொல் இரண்டு வகைக்கும் பொதுவாக வழங்குவதால், வரைபடத்தில் எழுதுபவர்கள் 'வற்றுத்திட்டு' என்று பிரித்து எழுதலாம். 'ஓதத் தீவு' என்று மொழிபெயர்ப்பது இங்கே பொருந்தாது. வற்றும்போது கரையிலிருந்து நடந்தே போகக்கூடிய தீவுக்குத்தான் அந்தப் பெயர்.

எப்போதும் நீருக்கடியிலேயே இருப்பது பார். முத்துப்பார் என்பதும் இந்தப் பார்தான். மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் தீவுகள் 21 என்று இன்னும் எழுதுகிறோம். பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததில் அரண் போய், அவற்றில் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குசல்லியும் மூழ்கிப் பார்களாகிவிட்டன.