207 காப்பி: கையெழுத்துப் போடும் முன் எண்ணிப் பாருங்கள்

மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பெயரைக் கூப்பிட்டதும் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) கூண்டருகே போய் நிற்பார். குற்றப்பத்திரிகை நகல் என்று ஒரு கட்டு கைக்கு வரும். ‘பெற்றுக்கொண்டேன்’ என்று ஓரத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். அடுத்த வாய்தா தேதி சொல்லப்படும். எல்லாம் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வழக்கு முழுக்க அந்தக் கட்டை நம்பித்தான் நடக்கப்போகிறது என்பது பலருக்கு அப்போது தெரிவதில்லை.

இதற்குக் கோர்ட்டில் வழங்கும் பெயர் ‘207 காப்பி’. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 207ஆம் பிரிவிலிருந்து வந்த பெயர். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பி.என்.எஸ்.எஸ்.) நடைமுறைக்கு வந்ததும் அது 230ஆம் பிரிவாகிவிட்டது. வராண்டாவில் இன்னும் பழைய எண்தான் ஓடுகிறது.

சட்டம் சொல்வது இதுதான். போலீஸ் அறிக்கையின் பேரில் நடக்கும் வழக்கில், எதிரி ஆஜரான நாளிலிருந்து 14 நாளுக்குள் நகல்களை நடுவர் (மாஜிஸ்திரேட்) கொடுத்துவிட வேண்டும். ஒரு பைசா கட்டணம் கிடையாது. குற்றப்பத்திரிகை, எஃப்.ஐ.ஆர்., அரசுத் தரப்பு விசாரிக்கப்போகும் சாட்சிகள் போலீஸிடம் கொடுத்த வாக்குமூலங்கள், நடுவர் முன் பதிவான வாக்குமூலங்களும் ஒப்புதல் வாக்குமூலமும், பிறகு போலீஸ் கோர்ட்டுக்கு அனுப்பிய மற்ற ஆவணங்கள் எல்லாம் இதில் அடங்கும். மகஜர் (சாட்சிகளை வைத்துப் போலீஸ் எழுதும் பதிவு), பிரேதப் பரிசோதனை அறிக்கை, தடய அறிவியல் அறிக்கை, சம்பவ இடத்தின் வரைபடம் போன்றவை அந்தக் கடைசி வகையில் வரும். காலக்கெடுவோடு புதுச் சட்டம் இன்னொன்றையும் சேர்த்திருக்கிறது: பாதிக்கப்பட்டவர் வக்கீல் வைத்திருந்தால் அவருக்கும் இதே நகல்கள் உண்டு. செக் மோசடி மாதிரி தனிப் புகார் வழக்குகளில் இந்தப் பிரிவு வராது; அங்கே சம்மனோடு புகார் நகல் வரும்.

சரி, கட்டு கைக்கு வந்துவிட்டது. முதலில் குற்றப்பத்திரிகையோடு இருக்கும் சாட்சிப் பட்டியலை எடுங்கள். அதில் 22 பேர் இருந்தால் 22 பேரின் வாக்குமூலமும் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக டிக் அடியுங்கள். 14ஆம் சாட்சியின் வாக்குமூலத்தில் முதல் பக்கம் மட்டும் இருக்கும், பின்பக்கத்தை ஜெராக்ஸ் எடுக்க மறந்திருப்பார்கள். ரத்தக் கறை பற்றிய ஆய்வறிக்கை பட்டியலில் இருக்கும், கட்டில் இருக்காது. நகலுக்கு நகல் எடுத்து எழுத்தே தெரியாத பக்கங்களும் வரும். படிக்க முடியாத நகல் கொடுக்காத நகலுக்குச் சமம் என்று கேட்டு வாங்கலாம். ஆவணங்கள் ஏராளமாக இருந்தால் மின்னணு வடிவில் கொடுக்கவோ, கோர்ட்டில் வைத்துப் பார்க்க அனுமதிக்கவோ சட்டத்தில் இடமுண்டு. ஆனால் ‘ஏராளம்’ என்று முடிவு செய்ய வேண்டியவர் நடுவர்தான், ஜெராக்ஸ் எடுக்கச் சலித்துக்கொள்பவர் இல்லை.

போலீஸ் வாக்குமூலத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? அது சாட்சியம் ஆகாது. சாட்சியின் கையெழுத்தும் அதில் வாங்கக் கூடாது. ஆனால் சாட்சி கூண்டில் ஏறிப் பேச்சை மாற்றும்போது, ‘அன்றைக்கு இப்படிச் சொல்லவில்லையே’ என்று மடக்க உதவுவது அதுதான். ‘தெருவிளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன்’ என்று கோர்ட்டில் சொல்கிறார். வாக்குமூலத்தில் தெருவிளக்கு என்ற சொல்லே இல்லை. குறுக்கு விசாரணையில் அந்த ஒரு சொல் வழக்கையே புரட்டலாம். அந்தப் பக்கம் உங்கள் கட்டில் இல்லாவிட்டால் கேள்வியே பிறக்காது.

சிசிடிவி பதிவு, செல்போன் வீடியோ இவையும் ஆவணங்கள்தான். மெமரி கார்டு ஆவணமே என்று 2019இல் கேரள நடிகை கடத்தல் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆனால் பாதிக்கப்பட்ட பெண்ணின் அந்தரங்கம் கருதி, எதிரிக்கு நகல் தராமல் பார்வையிட மட்டும் அனுமதித்தது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன். பென் டிரைவ் கொடுத்தால் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். திறக்கிறதா, கூடவே வரும் சான்றிதழில் ஹாஷ் மதிப்பு (பதிவு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் குறியீடு) குறித்திருக்கிறதா என்று உடனே பாருங்கள்.

இதுவரை சொன்னது போலீஸ் தானாகக் கொடுப்பது. கொடுக்காமல் வைத்துக்கொள்வதில்தான் சிக்கல். கடையில் இரண்டு கேமரா பதிவைக் கைப்பற்றி, தங்களுக்குச் சாதகமான ஒன்றை மட்டும் கோர்ட்டில் போட்டால் இன்னொன்று என்ன ஆகும்? 2012இல் வி.கே.சசிகலா வழக்கில், போலீஸ் கோர்ட்டில் ஒப்படைத்துச் சான்றாகக் குறிக்காமல் விட்ட ஆவணங்களைப் பார்வையிட எதிரிக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021 ஏப்ரலில் இன்னும் ஒரு படி மேலே போய், தான் ஒப்புதல் தந்த வரைவு விதிகளில், விசாரணை அதிகாரி கைப்பற்றிவிட்டுப் பயன்படுத்தாத வாக்குமூலங்கள், ஆவணங்கள், பொருட்களின் பட்டியலையும் எதிரிக்குத் தர வேண்டும் என்று சேர்த்தது. எல்லா உயர் நீதிமன்றங்களையும் ஆறு மாதத்துக்குள் விதிகளைத் திருத்தச் சொன்னது. 2022இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு கொலை வழக்கில், அந்த விதி முறைப்படி ஏற்கப்படும் முன்பே செல்லுமா என்பதில் நீதிபதிகளே ஒத்துப்போகவில்லை. 2025 மே மாதம், பண மோசடித் தடுப்புச் சட்ட வழக்குகளிலும் இந்தப் பட்டியல் தரப்பட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது.

ஆகவே அந்தப் பட்டியலை எழுத்தில் கேளுங்கள். கேட்காமல் கொடுப்பார்கள் என்று இருந்தால் விசாரணை முடிந்துவிடும். பட்டியல் கிடைத்த பின், அதில் தேவையானதை பி.என்.எஸ்.எஸ். 94ஆம் பிரிவில் மனுப் போட்டு வரவழைக்கச் சொல்லலாம். என்ன ஆவணம், எதற்கு என்று குறிப்பாக எழுத வேண்டும். ‘எல்லாவற்றையும் கொடுங்கள்’ என்றால் தள்ளுபடிதான். விசாரணை அதிகாரி அன்றாடம் எழுதும் வழக்கு நாட்குறிப்பு மட்டும் கிடைக்காது. அதிகாரி சாட்சி சொல்லும்போது அதைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக்கொண்டாலோ, அதை வைத்துக் கோர்ட் அவரை மறுத்தாலோ தவிர.

அப்புறம் நாள் கணக்கு. நடுவர் விசாரிக்கும் வாரண்ட் வழக்கில் (இரண்டு ஆண்டுக்கு மேல் சிறை தரக்கூடிய குற்றம்) விடுவிக்கக் கேட்டு மனுப் போட, நகல் கொடுத்த நாளிலிருந்து 60 நாள்தான். ஆவணங்களை ஒப்புக்கொள்கிறீர்களா மறுக்கிறீர்களா என்று சொல்ல 30 நாள். கட்டு முழுமையாக வராமலே கையெழுத்துப் போட்டால் இந்தக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். நகல் தராத குறையைப் பின்னால் மேல்முறையீட்டில் சொன்னால், அதனால் உங்களுக்கு என்ன பாதிப்பு என்று காட்டச் சொல்வார்கள். அதனால் கையெழுத்தின் கீழேயே ‘பக்கம் 41, 42 இல்லை, 9ஆம் சாட்சி வாக்குமூலம் படிக்க இயலவில்லை’ என்று எழுதித் தேதி போடுங்கள். அன்றைக்கே அதைக் குறிப்பிட்டு ஒரு மெமோவும் (கோர்ட்டுக்குச் சிறு குறிப்பு) தாக்கல் செய்யுங்கள்.