அந்தக் கை யாருடையது?

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும் சிறப்பாசிரியர் என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் வாயில் வரும் முதல் வார்த்தை, "அப்பா, உங்களுக்கு எவ்வளவு பொறுமை!" மனதாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் பொறுமை மட்டுமே உள்ள ஆசிரியரிடம் ஒரு பிள்ளை சேர்ந்தால் என்ன ஆகும்? அவர் சலிக்காமல் ஆயிரம் நாள் சட்டை மாட்டிவிடுவார். ஆயிரத்தோராவது நாளும் பிள்ளை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கும். உதவுவது எளிது. கொடுத்த உதவியை இந்த வாரம் கொஞ்சம், அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் என்று திரும்ப எடுத்துக்கொள்வதில்தான் இந்தத் தொழிலின் படிப்பும் பயிற்சியும் இருக்கின்றன. வகுப்பறையில் நடக்கும் எதையும் ஒரே கேள்வியால் அளந்துவிடலாம்: இதைச் செய்தது யாருடைய கை?

கை கழுவுவதையே எடுத்துக்கொள்வோம். நமக்கு அது ஒரே வேலை. வகுப்பில் அது பன்னிரண்டு வேலை. குழாயருகே போய் நிற்க வேண்டும், சட்டைக் கையை ஏற்ற வேண்டும், குழாயைத் திறக்க வேண்டும், கைகளை நனைக்க வேண்டும், சோப்பை எடுக்க வேண்டும், உள்ளங்கையைத் தேய்க்க வேண்டும், புறங்கையைத் தேய்க்க வேண்டும், சோப்பை வைக்க வேண்டும், அலச வேண்டும், குழாயை மூட வேண்டும், துடைக்க வேண்டும், துண்டை இடத்தில் மாட்ட வேண்டும். இப்படிக் கூறுபோடுவதை 'டாஸ்க் அனாலிசிஸ்' என்போம். கூறுபோட்டதும் சொல்லித்தரத் தொடங்கிவிடக் கூடாது. முதல் மூன்று நாள் பார்த்து எழுத மட்டும் வேண்டும். பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ அதை மட்டும் பேசாமல் நாமே முடித்துக் கொடுத்து, அடுத்த படிக்கு விட்டுவிட வேண்டும். 'இவனுக்கு எதுவுமே தெரியாது' என்று எழுதப்பட்டு வந்த பிள்ளை பன்னிரண்டில் எட்டைத் தானே செய்வது அப்போதுதான் தெரியவரும்.

மீதி நான்கில் ஏன் நிற்கிறது என்பது அடுத்த கேள்வி. குழாய் திறக்காததற்குக் காரணம் மணிக்கட்டில் பலம் இல்லாததாக இருக்கலாம். திருகுக் குழாய்க்குப் பதில் நெம்புகோல் குழாய் இருந்தால் அந்தப் படி அன்றே முடிந்துவிடும். சோப்பு வழுக்கினால் அழுத்தினால் வரும் திரவச் சோப்பு. அலசுவதில் மாட்டிக்கொள்கிற பிள்ளைகள் அதிகம். தண்ணீர் பிடிக்கும் என்பதால் விளையாடுகிறது என்று நினைப்பார்கள். பெரும்பாலும் 'போதும்' என்பது எப்போது என்று அதற்குத் தெரியாததுதான் காரணம். 'நுரை போகும் வரை' என்பது பிடிபடாத அளவு. பத்து எண்ணும் வரை என்பது பிடிபடும்.

உதவிக்கும் படிகள் உண்டு. எங்கள் பேச்சில் அதற்கு 'பிராம்ப்ட்' என்று பெயர். கைமேல் கை வைத்துச் செய்ய வைப்பது மிகப் பெரிய உதவி. அடுத்து மணிக்கட்டைப் பிடிப்பது, பிறகு முழங்கை, பிறகு தோள், கடைசியில் தொடாமல் கையை அருகில் மட்டும் வைத்திருப்பது. இவை போகச் செய்துகாட்டுவது, சுட்டிக்காட்டுவது, படம், வாய்ச்சொல். வாய்ச்சொல்தான் மிகச் சிறிய உதவி என்று பலரும் நினைக்கிறார்கள். நடைமுறையில் எடுப்பதற்கு மிகக் கடினமான உதவி அதுதான். கையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளலாம். 'குழாயைத் திற, சோப்பை எடு, தேய், இன்னும் தேய்' என்று ஓடிக்கொண்டிருந்த குரலை நிறுத்தினால் பிள்ளையும் நின்றுவிடும். சோப்பைக் கையில் பிடித்தபடி ஆசிரியரின் முகத்தைப் பார்க்கும். உங்கள் குரலையே பதின்மூன்றாவது படியாக அது கற்றுக்கொண்டுவிட்டது. அதனால்தான் அன்றாடச் செயல்களைக் கற்றுத்தரும்போது பின்னால் நின்று, பேசாமல், கையால் மட்டும் உதவச் சொல்கிறோம்.

பேச வேண்டிய இடத்தில் ஒரு முறை சொல்லிவிட்டு 5 விநாடி காத்திருக்க வேண்டும். மனதுக்குள் எண்ணிப் பாருங்கள், அது எவ்வளவு நீளம் என்று தெரியும். பெருமூளை வாதம் உள்ள பிள்ளைக்கு 10 விநாடியோ அதற்கு மேலோ தேவைப்படலாம். அதன் மூளை கட்டளையைப் பிடித்து, தசையைத் தயார்செய்து, கை அசைய நேரம் எடுக்கும். இரண்டாவது விநாடியிலேயே அதே சொல்லைத் திரும்பச் சொன்னால் எழும்பிக்கொண்டிருந்த கை பாதியில் இறங்கிவிடும். கேட்கவில்லை என்று நினைத்து மூன்றாம் முறை சத்தமாகச் சொல்வோம். பிள்ளை செய்யவில்லை என்று குறிப்பேட்டில் எழுதுவோம். நாம் விடவில்லை என்பதே உண்மை.

சட்டை, காலணி போன்றவற்றைக் கடைசிப் படியிலிருந்து சொல்லித்தருவது நல்லது. தலை வழியாக மாட்டும் பனியனில் தலையும் இரு கைகளும் நுழையும் வரை நீங்கள் செய்யுங்கள். மார்பளவில் நிற்கும் துணியைக் கீழே இழுத்துவிடுவது மட்டும் பிள்ளையின் வேலை. இழுத்ததும் வேலை முடிந்தது, பாராட்டு கிடைத்தது. அது தொடர்ந்து மூன்று நாள் உதவியின்றி நடந்தால் இரண்டாவது கையை நுழைப்பதையும் அதனிடம் விடுங்கள். பிறகு முதல் கை, பிறகு தலை. முதல் படியிலிருந்து தொடங்கினால் பிள்ளை ஒன்றைச் செய்துவிட்டு, மீதியை யாரோ முடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும். பின்னாலிருந்து வந்தால் ஒவ்வொரு முறையும் முடித்தது அதன் கை. ஓர் அளவு பெரிய, கழுத்து அகலமான பனியனை வைத்துத் தொடங்குங்கள். கழுத்து மாட்டிக்கொண்டு மூச்சு முட்டிய பிள்ளை மறுநாள் பனியனைக் கண்டாலே ஓடும்.

வீட்டில் இதற்குக் காலை நேரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அவசரத்தில் நம் கை தானாக முந்திக்கொள்ளும். இரவு உடை மாற்றும் நேரம் போதும், பத்து நிமிடம். வகுப்பில் தோளைத் தொட்டால் செய்கிற பிள்ளைக்கு வீட்டில் முழுக்க மாட்டிவிட்டால், அது இரண்டு இடத்துக்கு இரண்டு விதமாக நடந்துகொள்ளக் கற்றுக்கொள்ளும். எந்த அளவு உதவி என்பதை ஆசிரியரிடம் கேட்டு அதே அளவை வீட்டிலும் வையுங்கள். தாத்தா, பாட்டி, அக்கா உட்பட எல்லாருக்கும் அந்த அளவு தெரிந்திருக்க வேண்டும்.

யாருடைய கை என்ற கேள்வியைக் கேட்காமல் போனதால் பெரிய தீங்கே நடந்திருக்கிறது. பேச வராதவரின் கையையோ மணிக்கட்டையோ இன்னொருவர் தாங்கிப் பிடிக்க, அவர் எழுத்துகளைத் தொட்டுத் தொட்டுப் பேசுவதாகச் சொல்லும் 'ஃபெசிலிடேட்டட் கம்யூனிகேஷன்' என்ற முறை 1990களில் வேகமாகப் பரவியது. பெற்றோருக்கு அது எவ்வளவு பெரிய நம்பிக்கை என்று சொல்லத் தேவையில்லை. பிள்ளைக்கு ஒரு படமும், கையைப் பிடித்தவருக்கு வேறொரு படமும் காட்டிச் சோதித்தபோது, கையைப் பிடித்தவர் பார்த்த படத்தின் பெயரே எழுத்தாக வந்தது. பிடித்தவர்கள் ஏமாற்றவில்லை; தாங்கள்தான் நகர்த்துகிறோம் என்பது அவர்களுக்கே தெரியவில்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 1994இல் இந்த முறைக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று தீர்மானம் போட்டது. புதுப் பெயர்களில் இது இன்றும் வருகிறது. உங்கள் பிள்ளையின் கையையோ எழுத்துப் பலகையையோ இன்னொருவர் பிடித்துக்கொண்டிருக்கும்போது மட்டும் வார்த்தை வருகிறது என்றால், அந்த வார்த்தையை நம்புவதற்கு முன் நிறுத்திக் கேளுங்கள்.

இனி ஏட்டு வேலை. ஆசிரியர் பிள்ளையைக் கவனிக்காமல் எழுதிக்கொண்டே இருக்கிறார் என்பது அடிக்கடி வரும் குறை. எழுதாவிட்டால் கவனித்ததாகவே கணக்கில்லை. படிக்கு ஒரு கட்டம் போட்டு, தானே செய்தால் கூட்டல் குறி, உதவியோடு செய்தால் எந்த உதவி என்பதற்கு ஓர் எழுத்து, செய்யாவிட்டால் கழித்தல் குறி. இரண்டு வாரமாக ஒரே எழுத்து நிற்கிறது என்றால் பிள்ளை தேங்கவில்லை, நம் திட்டம் தேங்கிவிட்டது என்று பொருள். படியை இன்னும் சிறிதாக்க வேண்டும்.

ஒரு பிள்ளை என்னென்ன கற்க வேண்டும் என்று அதற்கெனத் தனியாக எழுதிவைக்கும் தனிநபர் கல்வித் திட்டம் என்பது 1975இல் அமெரிக்கச் சட்டத்தில் கட்டாயமாகி, பிறகு பல நாடுகளுக்குப் பரவிய ஏற்பாடு. அதில் 'தகவல் தொடர்பு மேம்படும்' என்று ஒரு வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். 'காட்டப்படும் இரண்டு பொருள்களில் வேண்டியதைப் பட அட்டை கொடுத்துக் கேட்பாள். 10 வாய்ப்பில் 8 முறை, தொடர்ந்து 3 நாள், இரண்டு வெவ்வேறு ஆட்களிடம்' என்று இருக்க வேண்டும். இரண்டு ஆட்கள் என்பது முக்கியம். ஒரே ஆசிரியரிடம் மட்டும் வருகிற திறன் அந்த ஆசிரியர் விடுப்பில் போனால் கூடவே போய்விடும்.

எத்தனை இலக்கு என்பதிலும் ஒரு கணக்கைப் பாருங்கள். ஓர் ஆசிரியர், 8 பிள்ளைகள், 5 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். சாப்பாடு, கழிப்பறை, ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போவது எல்லாம் சேர்த்து 90 நிமிடம் கழித்தால் 210 நிமிடம் மிஞ்சும். தனித்துக் கற்பிக்க ஒரு பிள்ளைக்கு 26 நிமிடம். பதினைந்து இலக்கு எழுதினால் ஒன்றுக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. மூன்று எழுதினால் ஒவ்வொன்றையும் பத்துத் தடவை செய்து பார்க்க இடம் உண்டு. நீளமான திட்டம் அக்கறையின் அடையாளம் என்று நம்பிவிடக் கூடாது.

அடிப்பது, கடிப்பது, கத்துவது பற்றி. திடீரென்று புதிதாகத் தொடங்கியிருந்தால் முதலில் உடம்பைப் பாருங்கள்: காதுவலி, பல்வலி, மலச்சிக்கல், தூக்கமின்மை. வலி என்று சொல்லத் தெரியாத பிள்ளை தலையை அடித்துக்கொள்ளும். உடம்பு சரியாக இருந்தால், அதற்கு முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, பின் என்ன கிடைத்தது என்று மூன்று பத்திகளில் ஒரு வாரம் எழுத வேண்டும். மூன்றாவது பத்திதான் பேசும். எழுத்து வேலை கொடுத்ததும் மேசையைத் தள்ளுகிற பையனை ஒவ்வொரு முறையும் வெளியே நிறுத்தினால், நாம் அதைத் தண்டனை என்கிறோம். அவனுக்கு அது விடுதலை. மறுநாள் மேசை இன்னும் சீக்கிரம் விழும். அவன் கையில் 'இடைவேளை' அட்டை ஒன்றைக் கொடுத்து, அதை நீட்டினால் இரண்டு நிமிடம் ஓய்வு என்று பழக்க வேண்டும். ஆரம்பத்தில் எத்தனை முறை நீட்டினாலும் கொடுத்தாக வேண்டும். பழைய வழி பலிக்காமல் போகும் முதல் சில நாள்களில் அந்தச் செயல் குறைவதற்கு முன் கூடும். அந்த நாள்களில் மனம் தளர்ந்து விட்டுக்கொடுத்தால், இன்னும் பலமாகத் தள்ளினால் கிடைக்கும் என்று நாமே சொல்லிக்கொடுத்ததாகிவிடும்.

பட அட்டை கொடுத்தால் பேச்சு வராமல் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. ஆண்டி பாண்டியும் லோரி ஃபிராஸ்டும் 1985இல் உருவாக்கிய பட அட்டைப் பரிமாற்ற முறையின் முதல் கட்டத்துக்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் எதிரில் பிள்ளைக்குப் பிடித்த பொருளோடு இருப்பார். இன்னொருவர் பின்னால் இருந்து, பிள்ளையின் கை பொருளை நோக்கி நீளும்போது, அட்டையை எடுத்துக் கொடுக்க உதவுவார். எதிரில் இருப்பவர் 'என்ன வேணும்?' என்று கேட்கவே கூடாது. கேட்டுப் பழக்கினால், யாராவது கேட்கும் வரை பசித்திருந்தாலும் பிள்ளை காத்திருக்கும்.

ஆசிரியரின் உடம்பைப் பற்றியும் இரண்டு வார்த்தை. முடியைக் கட்டிக்கொள்ளுங்கள், தொங்கும் காதணி வேண்டாம். கடித்தால் இழுக்காதீர்கள், தோல் கிழியும். கையைக் கடிக்கும் பக்கமே மெதுவாக அழுத்தினால் தாடை தளரும். முடியைப் பிடித்தால் அந்தக் கையை உங்கள் தலையோடு சேர்த்து அழுத்திக்கொள்ளுங்கள். பெரிய பிள்ளையைத் தனியாகத் தூக்காதீர்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல், கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். 5 நிமிடம் தாண்டினால் அவசர மருத்துவம்.

ஆண்டு முடிவில் ஆசிரியர் மாறும்போது பிள்ளை பின்னோக்கிப் போவதாகப் பெற்றோர் வருந்துகிறார்கள். பெரும்பாலும் புதிய ஆசிரியர் அக்கறையோடு அதிகம் உதவிவிடுவதுதான் காரணம். ஒரு பக்கக் குறிப்பு அதைத் தடுக்கும். பெற்றோரும் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் மதிப்பெண்ணும் பாராட்டும் வேண்டாம், இப்படி இருந்தால் போதும்: 'கை கழுவுதல், பத்தாவது படி தவிர எல்லாம் தானே. குழாயை மூட முழங்கையைத் தொட வேண்டும், பேச வேண்டாம். பனியன், தலையை நாம் நுழைத்தால் மீதி தானே. இடது காலணியின் ஒட்டுப்பட்டையைத் தானே ஒட்டுவான். வலது காலுக்கு 8 விநாடி ஆகும், காத்திருக்கவும்.'